ஆண்டறிக்கை 2024/2025: பார்க்குக்குப் பக்கத்துல நம்மட மாடிவீடு

தலைவர், பொருளாளர், நிர்வாகசபை, வந்திரிக்கிற அம்மாமார் ஐயாமார் எல்லாருக்கும் வணக்கம். போன அறிக்கையில வீட்டுத்திட்டத்தப் பத்தி ஒரு வரிதான் எழுதியிருந்தன், இந்தமுறை முழுக்க அதுதான், அதால மத்த விசயங்கள முதல்லயே சொல்லிர்றன். மாதக் கூட்டம் ஒழுங்கா நடந்திச்சு, நவம்பர் வெள்ளத்துக்க மட்டும் ஏலாமப் போச்சு. சிரமதானம் ரெண்டுதரம். கணக்கப் பொருளாளர் வாசிப்பார்.

மட்டக்களப்புக் கல்லடியில, வாவிக்கரைப் பார்க்குக்குத் தெக்கால கிடக்கிற துண்டுக் காணியில வாடகைக்கும் ஒத்திக்கும் இரிக்கிற நம்மட ஆக்களுக்கு மாடிவீடு கட்டித்தாறதப் பத்திக் கதை வந்தது உங்களுக்குத் தெரியும். முதல்ல வந்த பிளானப் பார்த்திட்டு நான் ரெண்டு நாள் ஒழுங்கா நித்திரை கொள்ளல்ல. பார்க் பக்கம் முழுக்க கக்கூஸ் பைப்பும் சின்னச் சின்ன காத்து ஓட்டையும்தான், ஆக்கள் இரிக்கிற பக்கம் எல்லாம் றோட்டப் பார்த்தபடி. கேட்டா, பார்க்குக்கு வாறவங்களுக்கு வீட்டுச்சாமான் தெரியக்கூடாதாம். ஏன் தெரியக்கூடாது? ஏழைச்சனம் இரிக்கிறத மறைக்கிறதுக்கா மதில் மாதிரிக் கட்டடம் கட்டுற? இன்னொண்டு, பின்னேரம் ஆறரைக்கு டியூசன் முடிஞ்சி பிள்ளையள் அந்தப் பார்க்குக்குள்ளாலதான் வாறாங்க, மேல பல்கனியில நாலு லைட் எரிஞ்சி ஒரு அம்மம்மா கதிரையப் போட்டு இருந்தாலே அவங்களுக்கு எவ்வளவு தைரியம்.

அதுக்குப் பொறகுதான் நம்மளே வரைவம் எண்டு முடிவெடுத்தம். கண்டி வட்டபுலுவவுல 1950களில அரச ஊழியர் வீட்டுத்திட்டம் செய்யக்க மினட் டி சில்வா எண்ட நம்மட நாட்டுக் கட்டடக்கலைஞர், குடியிருக்கப் போற ஆக்களிட்ட கேள்விக்கொத்துக் குடுத்து அவங்கட பழக்கவழக்கத்தக் கேட்டிட்டுத்தான் வரைஞ்சவ. அத நம்மளும் செஞ்சம், ஆனா பேப்பரில எழுதச்சொன்னா ஆக்கள் கூச்சப்படுறாங்க, அதால ஒரு ஞாயித்துக்கிழமை பார்க் நிலத்துல சுண்ணாம்பால அடுப்படி, அறை, பல்கனி எல்லாம் உள்ள அளவுக்கே கீறினம்.

அண்டைக்கு நடந்தத கட்டாயம் பதியணும். ஒரு பெரியம்மா வீட்டுல இருந்து திருவலையக் கொண்டந்து, கீறின அடுப்படிக்க குந்தி தேங்கா திருவுற மாதிரி இருந்து பார்த்தா, கால நீட்டக்க குதிக்கால் கோட்டத் தாண்டி அடுத்த வீட்டுக்காரர்ர அறைக்குள்ள போயிட்டு. "மனே, சுவரில உதைச்சிக்கிட்டா நான் திருவுற?" எண்டு கேட்டாக. அந்த இடத்துலயே அடுப்படிய ரெண்டு அடி நீட்டி, அறையக் குறைச்சம். கடலுக்குப் போற தம்பியொராள் எஞ்சினும் வலையும் மூணாம் மாடிக்குத் தூக்கேலாது எண்டார். சுனாமிக்குப் பொறகு கடற்கரை நாவலடியில இருந்து கடலுக்குத் தள்ளியிரிக்கிற திராய்மடுவுக்குப் போன சனத்துக்கு வீடு கிடைச்சும் தொழிலுக்கும் வீட்டுக்கும் இடையில பட்ட பாட்ட நம்மள்ல கனபேர் கிட்ட இருந்து பார்த்திருக்கிறம். அதால கீழ்த்தட்டு தூணுல வெறுமையா நிக்கும். வலை, சைக்கிள், ஆட்டோ அதுக்க, வெள்ளம் வந்தாலும் அதுக்குள்ளால ஓடும். 2011 ஜனவரி வெள்ளத்துல முழங்கால் தண்ணிக்க சோறாக்கின ஆக்கள் இந்தச் சபையிலயே இரிக்கிறாங்க.

இனி காத்து, வெயில். கட்டடம் கிழக்கு மேக்கா நீளமா நிக்கணும், பின்னேர வெயிலும் மேக்கால வாற கச்சான் காத்தும் குட்டைச் சுவரில படட்டும், அந்தச் சுவரில பெரிய ஜன்னல் வேணாம். வடக்கால பார்க், நல்ல நிழல், பல்கனிக்குப் பொருத்தமான பக்கம். கஷ்டம் என்னெண்டா மாரியில வாடைக்காத்து மழையோட வந்து அடிக்கிறதும் அதே பக்கம்தான். இதுக்கு மூணு கூட்டம் போச்சு. கடைசியா பல்கனிய ஆறடி ஆழமாக்கி, அரைவாசிக்கு மரச்சட்டம் போட்டு, மழைக்கு மூடித் திறக்கிற மாதிரி வைச்சம். கடல் கிட்ட எண்டதால கம்பிக்கு மேல கொங்கிறீட் தடிப்பாப் போடணும், கடற்கரை மணல் ஒரு தாச்சிகூட சேரக்கூடாது. உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சி சீலிங் வெடிச்சி விழுறத நம்ம கண்ணால கண்டிரிக்கிறம்.

பார்க்குக்கு நடக்க வாற ஆக்கள் வந்து, "நாளைக்கு இது உங்கட வளவாகிரும், உடுப்புக் காயப்போடுவீங்க, வேலி அடிப்பீங்க" எண்டு சொன்னாங்க. சில அங்கத்தவர் கோவப்பட்டாங்க. எனக்கு அந்தப் பயம் நியாயமாத்தான் பட்டிச்சு. பார்க் எல்லாருக்கும் பொது, அத நம்ம பிடிச்சா நம்மட வீட்டுக்கே மரியாதை இல்ல. அதால மூண்டு தீர்மானம் எடுத்தம். கட்டடத்துல இருந்து பார்க்குக்குத் தனிக் கேற் இல்ல, நம்மளும் பொதுக் கேற்றாலதான் போவம். உடுப்புக் கொடி தெக்குப்பக்கமும் மொட்டைமாடியும்தான். எல்லையில நிக்கிற மூணு வாகை மரத்துலயும் கை வைக்கிறல்ல, வேருக்கு இடம்விட்டு அத்திவாரத்த உள்ளுக்குத் தள்ளியாச்சு, அதுக்காக ஒவ்வொரு மாடியிலயும் ஒரு வீடு குறைஞ்சிச்சு. அந்த வீடு குறைஞ்சதால பேர்ப்பட்டியல்ல பின்னுக்குப் போன குடும்பங்களிட்ட நானே போய்க் கதைச்சன், ஒராள் அழுதாங்க. அவங்கள அடுத்த கட்டத்துல முதல்ல சேர்க்கணும் எண்டு கூட்டக்குறிப்பில எழுதி கையெழுத்தும் வாங்கியிருக்கிறம்.

முடியாத வேலை ரெண்டு கிடக்கு. கக்கூஸ் குழி எவடத்த எண்டு இன்னும் தீரல்ல, மணல் நிலம், கிணறு கிட்ட, வாவியும் கிட்ட. மற்றது லிப்ட் இல்லாததால படி ஏறேலாத ஆக்களுக்கு முதல் மாடிய ஒதுக்கிறது. யார் யாருக்கு முழங்கால் வருத்தம், யார் வீட்டுல படுக்கையில ஆக்கள் எண்டு பேர் எடுக்க வாற சனிக்கிழமை காலம்பற வீடுவீடா வருவம், தயவுசெஞ்சி வெக்கப்படாமச் சொல்லுங்க.

செயலாளர்