புதிய டேபிள் சா (மேஜை ரம்பம்) மிஷினில் மரம் கருகுவது குறித்த புகார்

அனுப்புநர்:
தச்சுப் பட்டறை உரிமையாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
மரவேலை இயந்திரப் பிரிவு,
சென்னை.

பொருள்: 10 அங்குல டேபிள் சா மிஷினின் ஃபென்ஸ் (பலகையை ஒட்டி நேராகத் தள்ளுவதற்குப் பிளேடுக்குப் பக்கத்தில் பூட்டும் தடுப்புச் சட்டம்) கோணலாகப் பூட்டிக்கொள்வது, வேலைக்குப் பொருந்தாத பிளேடு கொடுத்தது ஆகியவற்றைச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த தை மாதம் உங்கள் வேலூர் விற்பனையாளரிடம் இந்த மிஷினை வாங்கினேன். பில், உத்தரவாத அட்டை இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். இதில் அறுக்கும் மரம் கருகுகிறது என்று இதுவரை நான்கு முறை போன் செய்துவிட்டேன். நான்கு முறையும் முக்கியமாகச் சொன்னது இதுதான்: "மெதுவாகத் தள்ளுகிறீர்கள், அதனால்தான் கருகுகிறது."

இருபத்திரண்டு வருடமாக மரம் அறுக்கிறேன். மெதுவாகத் தள்ளினால் கருகும், கை மாற்றுவதற்குப் பாதியில் நிறுத்தினாலும் கருகும் என்பது எனக்குத் தெரியும். நிறுத்திய இடத்தில் பிளேடின் வளைவு பழுப்புக் கோடாகப் பதிந்திருக்கும். என் பலகைகளில் அப்படி இல்லை. அரை அடி உள்ளே போனதும் ஆரம்பித்து, கடைசி வரை ஒரே பட்டையாகக் கருகி வருகிறது. அதுவும் ஃபென்ஸை ஒட்டி வரும் துண்டில்தான் அதிகம்.

எந்த மரம் என்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளிகொண்டாவில் ஒரு வீட்டுக்காரர் தன் அம்மா நட்ட வேம்பை, வீட்டை இழுத்துக் கட்டுவதற்காக வெட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த மரத்திலேயே பூஜை அறைக் கதவு வேண்டும் என்று கேட்டார். இரண்டு வருடம் நிழலில் அடுக்கிக் காயவைத்த வைரம் பாய்ந்த வேம்பு. ஈரம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12 சதவீதம்தான். "மரம் ஈரமாக இருக்கும்" என்று உங்கள் ஆள் போனில் சொன்னதற்கும் இதுதான் பதில். ஒன்றரை அங்குல கனத்தில் கதவுச் சட்டங்களை நீளவாக்கில் அறுத்தபோது மூன்று சட்டம் கருகிவிட்டது. கருகிய முகத்தில் பசை சரியாகப் பிடிக்காது, பாலிஷும் திட்டுத் திட்டாக நிற்கும். இழைப்புளி போட்டு எடுத்தால் சட்டத்தின் அகலம் குறைகிறது. கடையில் வாங்கிய தேக்காக இருந்தால் வேறு வாங்கிப் போட்டிருப்பேன். அந்த வேம்பை நான் எங்கே போய் வாங்குவது?

மார்ச் மாதம் உங்கள் சர்வீஸ் ஆள் ஒருமுறை வந்தார். 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அறுத்துக் காட்டி, "பாருங்கள், சுத்தமாக வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் மிஷினோடு கொடுத்தது 80 பல் பிளேடு. பிளைவுட்டுக்கும் லேமினேட்டுக்கும் அது நல்ல பிளேடுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கெட்டி மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது தூள் நீளநீளமாக வரும். 80 பல்லுக்கு நடுவில் இருக்கும் சின்ன இடைவெளி அதை வெளியே தள்ளாது. தூள் அங்கேயே அடைத்து, உரசி, சூடேறும். இந்த வேலைக்கு 24 பல் போதும். பெட்டியின் மேல் "எல்லா மரத்துக்கும்" என்று அச்சடித்து இந்தப் பிளேடை உள்ளே வைத்தது சரியில்லை.

அவர் போன பிறகு நானே உட்கார்ந்து அளந்தேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பல்லில் ஸ்கெட்ச் பேனாவால் குறி வைத்து, அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து மேஜையில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்திலிருந்து தூரம் பார்த்தேன். அப்புறம் அதே பல்லைப் பின்னால் சுற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான், பிளேடு நேராக நிற்கிறது. அடுத்து ஃபென்ஸைப் பூட்டி, அதற்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். பிளேடின் முன்பக்கத்தில் 50 மில்லிமீட்டர், பின்பக்கத்தில் 48.8. 1.2 மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்திருக்கிறது. ஃபென்ஸைப் பூட்டும் லீவரை அழுத்தும்போது பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: பின்முனை பிளேடு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. திருத்தலாம் என்று ஃபென்ஸின் தலையில் இருக்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினேன். ஓட்டை வட்டமாக, போல்ட்டுக்குக் கச்சிதமாக இருக்கிறது, நகர இடமே இல்லை. உங்கள் கையேட்டிலோ "போல்ட்டைத் தளர்த்தி ஃபென்ஸைச் சரிசெய்யவும்" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது.

காட்பாடியில் நண்பர் பட்டறைப் பழைய மிஷினில் அதே வேம்பை 24 பல் பிளேடில் அறுத்தேன், கருகவில்லை. அந்தப் பிளேடையே கொண்டுவந்து உங்கள் மிஷினில் மாட்டினேன். கருகல் குறைந்தது, ஆனால் ஃபென்ஸ் பக்கத்துக் கருகல் மட்டும் போகவில்லை. பிறகு உங்கள் ஃபென்ஸை எடுத்துவிட்டு, நேரான தேக்கு ரீப்பர் (மெல்லிய நீளச் சட்டம்) ஒன்றை, பின்பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு கனம் விலகி நிற்கிற மாதிரி கிளாம்ப் போட்டு அறுத்தேன். பலகை சுத்தமாக வந்தது. அதே ரீப்பரோடு உங்கள் 80 பல் பிளேடை மாட்டினால் இரண்டு பக்கமும் லேசாகப் பழுப்பேறுகிறது. ஆக ஃபென்ஸும் தப்பு, பிளேடும் தப்பு.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் கருகல் மட்டும் காரணம் இல்லை. மரம் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் இறுகினால், பின்பக்கத்துப் பற்கள் அதைத் தூக்கி நம் மேலேயே எறியும். சித்திரை வெயிலில் ஒரு மதியம் அதுவும் நடந்தது. புகை நூல் மாதிரி எழுந்தது, மோட்டார் திணறியது, மூன்றடிச் சட்டம் ஒன்று அறுக்கிறவர் பக்கமாகவே பறந்து சுவரில் இடித்துக் காரையைப் பெயர்த்தது. என் மச்சான் மகன் என்னிடம் வேலை பழகுகிறான், பத்தொன்பது வயது. பிளேடுக்கு நேராக நிற்காதே என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் ஒதுங்கி நின்றான். அன்றைக்குப் பிறகு உங்கள் ஃபென்ஸை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எனவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் நேராகப் பூட்டும் ஃபென்ஸும் 24 பல் பிளேடும் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும். கெட்டுப்போன மூன்று சட்டத்துக்கும் ஈடு தர வேண்டும். ஃபென்ஸை எப்படி அளந்து பார்ப்பது என்று கையேட்டில் ஒரு பக்கமாவது தமிழில் போடுங்கள். இந்த மிஷினை வாங்குகிற பல பேர் தமிழில் மட்டும் படிக்கிறவர்கள். பதில் வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

கருகிய மூன்று சட்டமும் பட்டறையில் பத்திரமாக இருக்கிறது, படங்களை இணைத்திருக்கிறேன். அந்த வேம்பில் ஐந்தடிப் பலகை ஒன்றும் அறுக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை உங்கள் ஆள் வரும்போது பிளைவுட் வேண்டாம், அதை அறுத்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குடியாத்தம்.