‘தியாடா’ என்று எழுதியவளின் திறந்த மடல்

பல்கலைக்கழக ஆராய்ச்சி மானியங்களைக் கண்காணிக்கும் அலுவலர்களுக்கும் மதிப்பீட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் ஓர் ஆராய்ச்சி உதவியாளர். பேராசிரியர்களின் பெயரில் உங்களிடம் வந்து சேரும் முன்னேற்ற அறிக்கைகளை உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர்களில் ஒருத்தி. இது உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. தெரிந்தும் தெரியாததுபோல் இரு தரப்பும் நடந்துகொள்கிறோம், அவ்வளவுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பிறந்து வளர்ந்தது இங்கே. இப்போது களப்பணி செய்வதும் இங்கேதான்.

கடந்த ஜூன் 30, இரவு பதினொன்றே முக்கால். சமையலறை மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் பெட்ரோல் ரசீதுகள், அவற்றின்மேல் பறக்காமலிருக்க ஒரு சம்பால் போத்தல். நள்ளிரவுக்குமேல் இணையத்தளம் அறிக்கையை ஏற்காது. செலவுக் கணக்கை ஏற்றியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: ‘ஆய்வில் எதிர்கொண்ட சிக்கல்கள், ஏதும் இருந்தால்.’ நான் மலாயில் ‘தியாடா’ என்று அடித்தேன். இல்லை. ரோமன் எழுத்தில் ஐந்தே எழுத்து. அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அதே அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘முன்னேற்றம்: 63 விழுக்காடு’ என்று இருக்கும். அந்த 63 எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முன்னாய்வுகளை வாசித்தது 100, கேள்விக்கொத்து தயாரித்தது 100, களப்பணி 40, பகுப்பாய்வு 12. கூட்டி நான்கால் வகுத்தால் 63. களப்பணியின் 40 மட்டும் உண்மையான எண். 240 பேரைச் சந்திக்க வேண்டும், 97 பேரைச் சந்தித்திருந்தோம். பகுப்பாய்வுக்குப் போட்ட 12, கோப்பை ஒருமுறை திறந்து பார்த்ததற்கு.

எங்கள் ஆய்வு, ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு வேலை செய்த வயதான தொழிலாளர்களின் முட்டி வலி, இடுப்பு வலி பற்றியது. விடியற்காலையில் எழுந்து, மேட்டிலும் பள்ளத்திலும் மரங்களின் நிரை நிரையாக நடந்து, தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்து, பிறகு காண்டா வாளியில், அதாவது தோளில் வைத்த கம்பில் தொங்கும் வாளியில், பாலைச் சுமந்து வந்தவர்கள். அவர்களைச் சந்திக்க ஊரில் ஒரு மண்டபம் ஏற்பாடு செய்தோம். மண்டபம் மாடியில். முட்டி வலிக்காரர்களை ஆய்வுக்கு மாடியேறி வரச் சொன்ன ஆய்வுக் குழு உலகத்தில் எங்களைத் தவிர வேறு இருக்குமா என்று தெரியவில்லை. முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். அவர்களிலும் இருவர் கீழே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டே பதில் சொன்னார்கள்.

அதன் பிறகு வீடு வீடாகப் போனோம். கையில் இருந்த முகவரிப் பட்டியலில் பாதிக்குமேல் இன்று இல்லாத லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள். அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஆட்கள் மலிவு விலை வீடுகளுக்கும், ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கும் போய்விட்டார்கள். இன்னமும் தோட்டத்துக்குள் இருப்பவர்களைப் பார்க்க நிர்வாகத்தின் கடிதம் வேண்டும்; அது வர பதினோரு வாரம் ஆயிற்று. வோட் 21000 என்ற செலவுத் தலைப்பில் இருந்த பயணப் பணம் மார்ச்சிலேயே தீர்ந்தது. 27000-இல் வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லாமல் பணம் சும்மா கிடந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஒரு படிவம், மூன்று கையெழுத்து. பெரியவர்களுக்கு வாங்கிய பிஸ்கட், காப்பித்தூள் ரசீது, 46 ரிங்கிட், எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை என்று திரும்பி வந்தது. அதை நான் கேட்கவில்லை. விட்டுவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஏப்ரலில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனேன். ஒப்புதல் படிவத்தை எடுத்ததும் அவர் எழுந்து உள்ளே போய், அடையாள அட்டை நகல்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து மூன்று தாள்களை உருவி மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றும் ஒப்புதல் படிவத்தின் பிரதிகள். மூன்று வெவ்வேறு ஆய்வுகள். “இவர்களும் வந்தார்கள், கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். முட்டி அதே முட்டிதானம்மா,” என்றார். கையெழுத்துப் போடவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் மறுபடி போனேன், அப்போதும் தேநீர்தான். அந்த வரிசையில் இன்னும் எட்டு வீடுகளில் இதே கதை, தாள்களின் எண்ணிக்கை மட்டும் மாறியது.

அந்த ஆறு மாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட மிக முக்கியமான விஷயம் அந்தப் பிளாஸ்டிக் பைதான். அதை எழுத வேண்டிய கட்டத்தில்தான் ‘தியாடா’ என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? அதற்கு முந்தைய அறிக்கையில் நான் உண்மையை எழுதியிருந்தேன். அனுமதிக் கடிதம் தாமதம், களப்பணி பின்தங்கியிருக்கிறது என்று நான்கு வரி. ஒரு மாதத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பேராசிரியர் குழுவின் முன் போய் நிற்க வேண்டியிருந்தது. கேள்வி கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த நான்கு வரியை வாசித்திருக்கவில்லை. செலவு விகிதம் குறைவு என்ற சிவப்பு அடையாளத்தை மட்டும் பார்த்திருந்தார்கள். திரும்பி வந்த பேராசிரியர் என்னிடம் கோபப்படவில்லை. “அடுத்த முறை அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிடு,” என்று மட்டும் சொன்னார். கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் நகராது. எனவே ‘தியாடா’.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்தார். பால் ஸ்டோரில் எடை போட்டு எழுதுவது அவர் வேலை. பள்ளி விடுமுறையில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பேர், நிரை எண், பால் எடை, மரத்திலும் மங்கிலும் உறைந்த ஒட்டுப்பால். மழை பெய்து வெட்டு நின்ற நாளில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஆங்கிலத்தில் ‘ரெயின்’ என்று ஒரே சொல் எழுதுவார். மழை நாளில் வெட்டுக்காரர்களுக்குக் கூலி இல்லாமல் போனது பெரிய அநியாயம், அதை நான் அழகுபடுத்தவில்லை. ஆனால் பெய்த மழையைப் பெய்யவில்லை என்று அப்பா எழுதியதே இல்லை. எழுதவும் முடியாது. எடைப் புத்தகத்தில் இருப்பது ஆலையில் உலர்ந்த ரப்பராக வந்தாக வேண்டும்.

சிலர் வாளியில் தண்ணீர் கலப்பதும் உண்டு. அதைப் பிடிக்க மெட்ரோலாக் என்ற மிதவை இருந்தது. ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகவே கெட்டியான பாலில் மெட்ரோலாக் ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்த பாலில் உயர்ந்து மிதக்கும். எங்கள் விழுக்காடுகளும் அப்படித்தான் ஐயா. நீர் சேரச் சேர உயரே நிற்கின்றன. உங்களிடம் மெட்ரோலாக் இல்லை, உயரத்தைப் பார்த்துப் பச்சை அடையாளம் போட்டுவிடுகிறீர்கள்.

பொதுப் பணத்துக்குக் கணக்கு கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும். இந்த நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் தொடங்கியது. அதை நடத்தியது ரப்பர் ஏற்றுமதிமீது விதித்த வரிப்பணம். அதாவது மரத்தில் பால் பிடிக்கும் ஒவ்வொரு மங்குப் பாலிலும் ஒரு துளி ஆராய்ச்சிக்குப் போயிற்று. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், பிளாஸ்டிக் பை வைத்திருக்கும் பாட்டியையும் சேர்த்துத்தான் நான் எண்ணுவேன். ஆனால் அந்தக் கழகம் எந்த வேகத்தில் வேலை செய்தது என்பதையும் பாருங்கள். தோட்டமெங்கும் நட்ட ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகம் 1937-இல் செய்த இனக்கலப்பிலிருந்து வந்தது. கன்று மரமாகி உளி படவே ஐந்தாறு ஆண்டு. விளைச்சலைப் பல பருவம் அளந்த பிறகுதான் ரகம் நல்லதா என்று தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விழுக்காடு கேட்டிருந்தால் அவர்களும் ஏதாவது ஓர் எண்ணை எழுதியிருப்பார்கள்.

அமெரிக்கக் கூட்டரசு நிறுவனங்கள் ஆராய்ச்சி மானியங்களுக்கு வைத்திருக்கும் பொது முன்னேற்ற அறிக்கை வடிவத்தைப் பார்த்தேன். அதில் ‘மாற்றங்கள், சிக்கல்கள்’ என்று தனிப் பகுதியே இருக்கிறது. நேர்ந்த தாமதம், நேரக்கூடிய தாமதம், அதைத் தீர்க்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அங்கே எல்லோரும் உண்மையை எழுதுகிறார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. நம்முடைய கட்டமும் அதைத்தான் கேட்கிறது. கட்டத்தில் குறையில்லை, எழுதியவனுக்கு அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் குறை.

எனவே என் வேண்டுகோள் சிறியது. சிக்கல் என்று ஒருவர் எழுதினால், விளக்கக் கடிதம் அனுப்பும் முன் அதை ஒருவராவது வாசியுங்கள். வாசித்தவர் இரண்டு வரி பதில் எழுதட்டும், ‘பயணச் செலவுக்குப் பணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்பதுபோல. ஜூனில் தாமதத்தைச் சொன்னவர் டிசம்பரில் கால நீட்டிப்பு கேட்டால், அவர் முன்பே சொன்னதை அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது மறைத்தவருக்கும் சொன்னவருக்கும் ஒரே வரிசைதான். விழுக்காட்டுக்குப் பதிலாக, எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று கேட்டால் இன்னும் நல்லது. அதற்கு நான்கால் வகுக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 31-க்குள் அடுத்த அறிக்கை. பேராசிரியரிடம் பேசிவிட்டேன், நெடுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்தக் கட்டத்தில் இந்த முறை எழுதப்போவதை இப்போதே இங்கே தருகிறேன், உங்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்று:

‘மாடி மண்டபம் தவறான தேர்வு, கைவிட்டோம். வீடு வீடாகச் செல்வதால் ஒரு நாளில் நான்கு பேருக்குமேல் முடியவில்லை. அக்டோபர், நவம்பர் மாலைகளில் மழை. ஒன்பது வீடுகளில் மறுத்துவிட்டார்கள். காரணம், முன்பு வந்த ஆய்வுகளின் முடிவு அவர்களிடம் திரும்பி வரவில்லை. ஆகையால் இதுவரை கிடைத்ததைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி, பங்கெடுத்தவர் வீடுகளில் கொடுத்து வருகிறோம். அச்சுச் செலவு 38 ரிங்கிட். எந்த வோட்டில் சேர்ப்பது என்று தெரிவிக்கவும்.’

இப்படிக்கு,
ஓர் ஆராய்ச்சி உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்