குமிழ் மரம் வளர்ப்போர் சங்கம்: 2024–25 செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழுவும் செயற்குழுக் கூட்டங்களும் முறைப்படி நடந்தன. கன்று விநியோகம் பருவமழைக்கு முன்பே முடிந்தது.

இவ்வாண்டு நம்மை அதிகம் வாட்டியது குமிழின் இலைவண்டு. நீலம் பளபளக்கும் இந்த ஆமை வண்டும், தன் கழிவை இழை இழையாக முதுகில் சுமக்கும் அதன் புழுவும், கோடை மழைக்குத் துளிர்த்த மரங்களை நரம்பு மட்டும் மிஞ்சும்படி அரித்தன. இளமரத்தின் நுனிக்குருத்து காய்ந்தால் நேரான அடிமரம் கிடைக்காது என்பதால் பலரும் உடனே மருந்தடித்தார்கள். செயற்குழுவின் இசைவோடு சில தோட்டங்களை மருந்தின்றி விட்டு, அங்குள்ள இரைவிழுங்கிகளை, அதாவது தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னும் உயிர்களை, கவனிக்கும் பணியை நான் மேற்கொண்டேன். அது வீண்வேலை என்று கூட்டத்தில் பேசப்பட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அத்தோட்டங்களில் கும்பிடு பூச்சியும் முசுறு எறும்பும் இருந்தன. எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது இயோகாந்திகோனா என்ற நாவாய்ப்பூச்சி. அது ஊசி போன்ற வாயால் வண்டுப் புழுவைக் குத்தி, வெறும் தோலாகும்வரை உறிஞ்சுகிறது. அதன் முதல் பருவக் குஞ்சுகள், அதாவது முதல்முறை தோலுரிக்கும் வரையுள்ளவை, வேட்டையாடாமல் தாம் வெளிவந்த முட்டைகளின் அருகிலேயே கூட்டமாக ஒட்டியிருக்கும். இரண்டாம் பருவத்திலிருந்துதான் இரை தேடும். அந்தக் கூட்டத்தைப் புதிய பூச்சித் தாக்குதல் என்றெண்ணி மருந்தடித்தால், பசை மூடிய வண்டு முட்டைகளிலிருந்து அடுத்த புழுக்கள் வெளிவரும்போது அவற்றைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. மருந்தில்லாத தோட்டங்களிலும் முதல் துளிர் சேதமடைந்தது உண்மை. இரைவிழுங்கிகள் பெருகிய பின் வந்த துளிர் பிழைத்து நின்றது.

கண்காணிப்புக்கு வருவதாக ஒப்புக்கொண்டவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. ஓரிடத்தில் எல்லையோரம் முன்னறிவிப்பின்றி மருந்தடிக்கப்பட்டதால் அங்கே பணியை நிறுத்த நேர்ந்தது. பெயர் குறிப்பிட விரும்பவில்லை; வருத்தத்தை மறைக்கவும் விரும்பவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன, கையிருப்பு சொற்பம். விவரத்தைப் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா பாக்கி வைத்திருப்போரின் எண்ணிக்கை கட்டியவர்களை நெருங்கிவிட்டது.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தோட்டம் தந்து உதவியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வரப்புகளில் ஆமணக்கு விதைத்து, அதில் வரும் புழுக்களால் வண்டு இல்லாத மாதங்களிலும் நாவாய்ப்பூச்சிக்கு இரை கிடைக்கச் செய்ய எண்ணியுள்ளேன். விதைக்கும் கூலிக்கும் பணம் வேண்டும், தோட்டத்துக்கு ஆள் வேண்டும். பாக்கியுள்ளவர்கள் சந்தாவைச் சித்திரைக்குள் செலுத்தினால் முதல் துளிருக்கு முன்பே விதைப்பை முடித்துவிடலாம். மருந்தடிக்க நினைப்பவர்கள் அதற்கு முன் ஒருமுறை என்னை அழைத்தால், எந்த நேரமானாலும் தோட்டத்துக்கே வந்து பார்க்கிறேன்.

செயலாளர்