ஒரு நாட்டின் பெயரைச் சுருக்குவது பற்றி மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கு அனைவரும் நலம். அலுவலகப் பட்டியலில் ஜப்பான் கிளையை இடம் போதாமல் 'ஜப்' என்று நீ சுருக்கியதையும், அது ஜப்பானியரை இழிக்கும் சொல்லாகிவிட்டதால் உடனே மாற்றும்படி உன் மேலாளர் கேட்டுக்கொண்டதையும் தொலைபேசியில் சொன்னாய். பிரிட்டன்காரரையும் ஆஸ்திரேலியரையும் சுருக்கி அழைத்தால் யாரும் வருந்துவதில்லையே என்று நீ கேட்டது நியாயமான கேள்விதான்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்கப் பத்திரிகைகள் தலைப்பில் இடம் மிச்சப்படுத்தவும் அந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்தின. ஆசியக் குடியேறிகள் மீதான வெறுப்பு அப்போதே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆயினும் 1941 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய பிறகு, எதிரிப் படைக்கு வைத்த அதே பெயரால், கலிபோர்னியாவில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களும் அழைக்கப்பட்டன. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையைத் தொடர்ந்து, ஏறத்தாழ 1,20,000 பேர் வீட்டையும் நிலத்தையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அதை நடத்திய தளபதி ஜான் டிவிட், குடியுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'ஜப்' என்பவன் 'ஜப்'தான் என்று 1943இல் நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையில் சொன்னார். அங்கேயே பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக்கூட ஆங்கிலத்தில் எழுதும் அந்த மூன்றெழுத்து செல்லாததாக்கியது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அந்தப் போரில் அமெரிக்காவின் தோழமை நாடுகள். அவற்றின் சுருக்கப் பெயரைச் சொல்லி எவரையும் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை.

1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. டெக்சாஸில், நெல் பயிரிட்ட ஒரு ஜப்பானியரைப் பெருமைப்படுத்தவே அச்சுருக்கத்தைச் சூட்டியிருந்த சாலைக்கு 2004இல் வேறு பெயர் வைத்தார்கள். சூட்டியவர்களின் நல்லெண்ணம் பொய்யன்று. பின்னால் வந்த போர் அதை விட்டுவைக்கவில்லை.

நமக்கு இது புரியாத வலியன்று. பாண்டி என்பது மதுரை மன்னர்களின் நாட்டுப் பெயர். இங்கே கேரளத்தில் தமிழரையும் அப்பெயரால் அழைப்பார்கள்; தமிழ்நாட்டு லாரியைப் 'பாண்டி லாரி' என்று பலர் கெட்ட எண்ணமின்றியே சொல்கின்றனர். ஆனால் பாலக்காட்டுப் பேருந்தில் உன்னை ஒருவர் அப்படி விளித்த நாளில் நீ வீட்டில் சாப்பிட மறுத்தாய். இங்கே போர் நடக்கவில்லை; பிழைப்புத் தேடி வந்த தமிழரை ஏளனமாகப் பார்த்த பார்வையே நாட்டுப் பெயரை வசையாக்கப் போதுமானதாக இருந்தது.

இடம் குறைவென்றால் ஒலிம்பிக்கில் எழுதுவதுபோல ஜே.பி.என். என்று எழுது; அதுவும் மூன்றெழுத்துதான். உன் மேலாளருக்கு என் நன்றியைச் சொல்.

அன்புடன்,
அப்பா