1729-க்குப் பக்கத்தில் இன்னொரு எண்

கும்பகோணம் சுற்றுவட்டாரக் கணக்கு வாத்தியார்களுக்கு, டீச்சர்களுக்கு,

வணக்கம். நான் நெல் மண்டியில் கணக்கு எழுதுபவன். ஒரு கோரிக்கை.

ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 வந்தால் நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் 1729 கரும்பலகை ஏறிவிடும். ராமானுஜனைப் பார்க்க இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டி ஏறி வந்த, 1729 எண் போட்ட வாடகைக் கார் கதை பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த வருஷம் பக்கத்திலேயே 2,93,31,86,25,600 என்றும் எழுதுங்கள். அது ராமானுஜன் விட்டுவிட்ட எண்.

தன்னைவிடச் சின்ன எண் எதற்கும் இல்லாத அளவுக்கு வகுத்திகள் (மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்) கொண்ட எண்களைப் பற்றி 1915-ல் லண்டனில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. நமக்கு இது புதுசில்லை. அந்தக் காலத்து நெல் அளவையில் கலத்துக்கு 12 மரக்கால் என்று வைத்தார்களே, 12 அந்த ஜாதிதான். இரண்டு, மூன்று, நாலு, ஆறு பேர் பங்கு பிரித்தாலும் மரக்காலை உடைக்க வேண்டாம். 10 என்று வைத்திருந்தால் மூன்று பங்காளி உள்ள வீட்டில் களத்திலேயே கைகலப்பு.

இந்த எண்களை வரிசையாகப் பட்டியல் போட்டு 67,46,32,83,88,800 வரை போனார் ராமானுஜன். நடுவில் ஒன்று விடுபட்டது. நான் சொன்ன எண் அது. அதற்கு 5040 வகுத்திகள். வேடிக்கை என்னவென்றால், அவருடைய கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் விட்டுப்போன எண் மீதியில்லாமல் வந்து நிற்கும். கையிலேயே இருந்திருக்கிறது, கண்ணில் படவில்லை.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? என் மகளுக்குப் போன பரீட்சையில் 360-இன் வகுத்திகளைக் கேட்டிருந்தார்கள். மொத்தம் 24. அவள் 23 எழுதினாள். 9 போட்டவள் 40-ஐ விட்டுவிட்டாள். சிவப்பு மையில் சுழி, பக்கத்தில் 'கவனமில்லை'. அன்றிலிருந்து கணக்கு நோட்டு என்றாலே முகம் சுருங்குகிறது. எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை, சண்டைக்கு வரவில்லை. 23-க்கு மார்க் உண்டா என்பதுதான் என் கேள்வி.

ராத்திரி திண்ணையில் உட்கார வைத்து ராமானுஜன் விட்ட கதையைச் சொன்னேன். நம்பவில்லை. பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அந்தப் பெரிய எண்ணை எழுதி, தானாகவே 1729-ஆல் வகுக்க ஆரம்பித்தாள். அது போகும் என்று எனக்கே அப்போது தெரியாது. 1729 என்பது 7, 13, 19 மூன்றின் பெருக்கல். மூன்றும் இதற்குள் இருக்கின்றன. ஈவு 16,96,46,400.

"மீதி இல்லப்பா!" என்று அவள் கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

பலகையில் இடம் போதாவிட்டால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று எழுதினாலும் சரி. யார் விட்டது என்பதையும் கீழே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா