செவ்வாய்க்கிழமை நீதிமன்றம் போகிறோம்

வணக்கம், ஸலாம். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளை மட்டக்களப்பு நீதவான் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகிறோம். பயப்பட ஒன்றுமில்லை, வழக்குகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரையே சொல்கிறது. விசாரணையும் தமிழில்தான், விளங்கும். சட்டத்தரணியை மட்டும் பார்க்காமல் பதிவாளர், மொழிபெயர்ப்பாளர், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று எத்தனை பேருக்கு அங்கே வேலை இருக்கிறது என்றும் கவனியுங்கள்.

பிறகு கல்லடியில் தேநீரும் கதையும். நிருவாக சேவைப் பரீட்சைக்குக் கலைப்பட்டம்தான் வேண்டும் என்று ஊரில் ஒரு பேச்சு (யார் கிளப்பியதோ!). எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம். சட்டக் கல்லூரிக்கோ பட்டமே தேவையில்லை, நுழைவுப் பரீட்சைதான்.

காலை 8.30, காந்தி பூங்கா வாசல். கட்டைக் காற்சட்டை வேண்டாம், தம்பிமாரே. வருகிறவர்கள் இங்கேயே பெயரைப் போடுங்கள்.