காத்து எந்தக் காதுல ஊதுது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ரிட்டயர் ஆனவங்க பொழுதை எப்படி கழிக்கிறாங்கன்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. வாக்கிங், யோகா, பேரப்பசங்கள ஸ்கூல்ல விடறது, காசி ராமேஸ்வரம். யாரையும் குத்தம் சொல்லல, நானும் காலைல எழுந்து பால் வாங்கப் போறவன்தான். ஆனா 62 வயசுல பாய்மரப் படகுல ஏறி வாந்தி எடுத்துக்கிட்டே வங்காள விரிகுடாவை தாண்டினவனும் இந்த ஊர்ல ஒருத்தன் இருக்கான்னு சொல்லணும்னு தோணிச்சு. ஃபோன்ல டைப் பண்றேன், தப்பு இருந்தா நீங்களே திருத்திக்குங்க.

நான் ராயபுரம். 1985ல டெக் பாயா கப்பல் ஏறினேன், அப்புறம் ஓஎஸ்னு சொல்ற சாதா மாலுமி, ஏபின்னு சொல்ற தேர்ந்த மாலுமி, கடைசில போசன், அதாவது டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி, எங்க பெருசுங்க பாஷைல சாரங்கு. 2021ல சைன் ஆஃப். கடைசி காண்ட்ராக்ட் கொரோனால மாட்டிக்கிச்சு, 9 மாசம்னு போனது 14 மாசம் ஆச்சு, எந்த போர்ட்லயும் கால் வைக்க விடல. வீட்டுக்கு வந்த அன்னைக்கே என் சம்சாரம் கப்பல் வேலைக்கான சிடிசி புக்கை வாங்கி பீரோல வெச்சு பூட்டிட்டா. போதும்டா சாமி இந்தக் கடல்னு நானும்தான் நெனச்சேன்.

2023 டிசம்பர்ல பழைய கேப்டன் ஒருத்தர் ஃபோன் பண்ணாரு. தூத்துக்குடிக்காரர், அவர் கூட நாலு கப்பல் ஓட்டியிருக்கேன். ரிட்டயர் ஆன காசுல 38 அடி பாய்மரப் படகு ஒண்ணு பழசு வாங்கி மலேசியாவோட லங்காவி தீவுல கட்டி வெச்சிருக்காரு. செங்கடல் வழியா ஐரோப்பா போகணும்னு பிளான், ஆனா அங்க கப்பல் மேல மிசைல் விட ஆரம்பிச்சுட்டாங்களா, அதனால இப்போதைக்கு இலங்கை வரைக்கும் போயி அங்க தெக்கால இருக்கற காலி துறைமுகத்துல படகைக் கட்டிட்டு யோசிக்கலாம், கூட ஒரு ஆள் வேணும், வர்றியா போசன்னாரு. மலேசியாவுக்கு நம்ம ஆளுங்களுக்கு விசா வேணாம்ங்கறது அந்த மாசம்தான் அமலுக்கு வந்திருந்துச்சு. வீட்ல ஒரு வாரம் சண்டை. 36 வருஷம் கடல்ல கிடந்தது போதலையான்னு அவ கேட்ட கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல. போயிட்டேன்.

லங்காவி மெரினால, அதாவது படகு கட்டற துறையில, இறங்கினா நாப்பது அடி அம்பது அடி படகுங்க வரிசையா நிக்குது, அதுல பாதி ரெட்டை உடம்புப் படகு, எல்லாரும் கேட்டமரான் கேட்டமரான்னு சொல்றாங்க. அதுல கட்டும் இல்ல மரமும் இல்ல, மொத்தமும் ஃபைபரு. அது எங்க ஊரு வார்த்தைங்கன்னு ஒரு வெள்ளைக்காரர்கிட்ட சொன்னேன், சும்மா சிரிச்சாரு, நம்பினாரான்னு தெரியல.

படகுல மூணு பேர். கேப்டன், நான், அப்புறம் ஆஸ்திரேலியாவுலேருந்து வந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, 68 வயசு. அந்தம்மா பாயை ஏத்தறதும் இறக்கறதும் பாத்தா நம்ம பசங்க நாலு பேர் செய்யற வேலை. நானோ லட்சம் டன் கப்பல்ல டைஃபூனைப் பாத்தவன்னு கெத்தா ஏறினேன், ரெண்டு நாள் தலை தூக்கல. பெரிய கப்பல் ஆட்டம் வேற, இது வேற. கப்பல்ல டெக்குலேருந்து கடல் நாலு மாடிக்கு கீழ இருக்கும், இங்க கையை நீட்டினா தண்ணி. கேப்டன் இஞ்சி கசாயம் போட்டுக் குடுத்து "என்ன போசன், டிஸ்சார்ஜ் போட்டுரவா"ன்னு கிண்டல் பண்ணாரு. மூணாவது நாள்தான் சோறு இறங்கிச்சு.

லங்காவிலேருந்து சுமத்ராவோட வடக்கு முனைக்கும் நம்ம கிரேட் நிக்கோபாருக்கும் நடுவுல இருக்கற கால்வாய் வழியா வெளிய வந்து, அங்கேருந்து நேரா மேற்கே காலி. கிட்டத்தட்ட 1,200 நாட்டிக்கல் மைல். நான் ஓட்டின கப்பல் இதை மூணு மூணரை நாள்ல முடிக்கும், எங்களுக்கு பத்து நாள் ஆச்சு. வேகம் அஞ்சு ஆறு நாட், அதாவது மணிக்கு அத்தனை நாட்டிக்கல் மைல், அதுவும் காத்து மனசு வெச்சா. ஜனவரி மாசம் வாடைக்காத்து வலது தோளுக்குப் பின்னாலேருந்து வரும், அதான் இந்த ரூட்டுக்கு நல்ல சீசன். மூணு மணி நேரம் வாட்ச், ஆறு மணி நேரம் தூக்கம்னு பேரு, தூங்கினாதான.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அந்தக் கால்வாய்லேருந்து இலங்கையோட தெக்கு முனை வரைக்கும் உலகத்துக் கப்பலெல்லாம் ஒரே ரோட்லதான் போகும், நம்ம எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி நிக்கற மாதிரி. சட்டப்படி எஞ்சின் கப்பல்தான் பாய்மரப் படகுக்கு வழி விடணும். நானே எத்தனையோ ராத்திரி கப்பல் பிரிட்ஜ்ல, அதாவது கப்பலை ஓட்டற அறையில, லுக்கவுட் நின்னவன், அதனால எனக்குத் தெரியும், அந்த சட்டத்தை நம்பி நடுவுல நின்னா செத்தோம். முன்னாடி கன்டெய்னர் அடுக்கியிருந்தா மூக்குக்கு முன்னால 500 மீட்டர் வரைக்கும் கடல் தெரியாமலே போகலாம், அதுக்கு ரூல்ஸே இடம் குடுக்குது. ஃபைபர் படகு ரேடார்ல மழைத்தூறல் மாதிரி தெரியும், அலை கொஞ்சம் உசந்தா அதுவும் தெரியாது. முந்தி நான் பைனாகுலர்ல தேடினது எதையோ, இப்ப அதுவா நானே உக்காந்திருக்கேன். 20 நாட் வேகத்துல வர்ற கப்பல், லைட்டு கண்ணுல பட்டதுலேருந்து தலைக்கு மேல வர்றதுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. அதனால பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எழுந்து சுத்திப் பாக்கணும், டீ போட உள்ள போனாலும் பாத்துட்டுதான் போகணும்.

மூணாவது நாளே ஒரு தப்பு பண்ணிட்டேன். பின்னாலேருந்து வர்ற ஸ்வெல், அதாவது நீளமான பெரிய அலை, படகோட பின்பக்கத்தை தூக்கித் தள்ளும், மூக்கு வலப்பக்கம் திரும்பும், அதை சரி பண்றேன்னு சுக்கானை கொஞ்சம் ஜாஸ்தி இழுத்துட்டா காத்து பாயோட பின்பக்கம் பூந்துரும். பூம்னு பாயோட அடில படுக்கையா ஒரு கட்டை இருக்கும், அது அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் ஒரே அடி. நடுவுல தலை இருந்தா தலை போயிரும். என் தொப்பி போச்சு, தலை தப்பிச்சது முருகன் புண்ணியம். டீச்சரம்மா ஒண்ணுமே சொல்லாம பூமை முன்பக்கமா இழுத்து ஒரு கயிறு போட்டுக் கட்டினாங்க, அந்த சும்மா இருந்ததுதான் ரொம்ப வெக்கமா இருந்துச்சு.

ஆறாவது ராத்திரி. பாய்மர உச்சில காத்து திசை காட்டற கருவி ஒண்ணு இருக்கும், அதைப் பாத்துதான் ராத்திரில ஓட்டுவோம். ஒரு மழை அடிச்சுது, கருவியோட டிஸ்ப்ளே செத்துப் போச்சு. ஆட்டோபைலட்டும் கோச்சுக்கிச்சு. நிலா இல்ல, முன்ன பின்ன எதுவும் தெரியல, கையால ஓட்டணும், என் வாட்ச். அப்பதான் சார், அம்பது வருஷமா ஞாபகம் வராத ஒரு விஷயம் வந்துச்சு.

எங்க நைனா காசிமேட்ல கட்டுமரம் ஓட்டினவரு. பாய் போட்ட கட்டுமரம், எஞ்சின் கிடையாது. ஸ்கூல் லீவுல என்னையும் கூட்டிட்டுப் போவாரு, விடியறதுக்கு முன்னாடி கும்மிருட்டு. காத்து எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாம முழிச்சா, "மூஞ்சிய மெதுவா திருப்பிக்கினே வா, எந்தக் காதுல ஊதுதுன்னு பாரு, ரெண்டு காதுலயும் ஒண்ணா ஊதிச்சுன்னா உன் மூக்குக்கு நேரா காத்து"ன்னு சொல்வாரு. அவ்ளோதான், வேற பாடம் கிடையாது. அன்னைக்கு நடுக்கடல்ல நான் அதைத்தான் செஞ்சேன். தொப்பியும் இல்லையா, அதுவும் நல்லதா போச்சு. பின்னால திரும்பி ரெண்டு காதுலயும் ஒண்ணா ஊதற இடத்தைப் பிடிச்சு, அது படகோட வலது மூலைல கயிறு இழுக்கற விஞ்சுக்கு நேரா இருக்குன்னு குறி வெச்சுக்கிட்டேன், அந்தக் குறி நகராம ஓட்டினேன். மூணு மணி நேரம். பாய் ஒரு தடவை கூட படபடக்கல.

வாட்ச் மாத்த மேல வந்த கேப்டன் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு "இது எங்க படிச்ச போசன்?"னாரு. நைனா சொல்லிக் குடுத்ததுன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு, அவங்க தாத்தா தூத்துக்குடி தோணில தண்டலாம், அதாவது தோணிக்குத் தலைவர், உப்பும் கருவாடும் ஏத்திக்கிட்டு பாய்லயே கொழும்புக்குப் போய் வந்தவராம். "கேப்டன் ஆகறதுக்கு மாஸ்டர் டிக்கெட் வாங்கினேன், அந்தாள்கிட்ட ஒரு கேள்வி கேட்டு வெச்சுக்கலையே"ன்னாரு.

காலிக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப இலங்கை மீன்பிடி போட் ஒண்ணு கையை ஆட்டிக்கிட்டே நேரா எங்களப் பாத்து வந்துச்சு. டீச்சரம்மா பயந்துட்டாங்க, இப்படி வர்றவங்க கொள்ளைக்காரங்கன்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. எனக்கு அந்தக் கை ஆட்டறதைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, வலை விட்டிருக்காங்க. நீர்கொழும்புக்கார பையன் ஒருத்தன் அதுல இருந்தான், "அண்ணே தெக்கால போங்க, வலை கிடக்கு"ன்னு தமிழ்லயே கத்தினான். நாங்க ரெண்டு பாக்கெட் சிகரெட் குடுத்தோம், அவங்க முழு சூரை மீன் ஒண்ணு தூக்கிப் போட்டாங்க. படகுல அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு சாஞ்சாலும் சட்டி சாயாது, அதுல புளி கரைச்சு நான் வெச்ச கொழம்பை டீச்சரம்மா கண்ணுல தண்ணி வழிய ரெண்டாந்தரம் வாங்கி சாப்டாங்க.

 

காலிக்கு வந்த அன்னைக்கு நான் கேப்டன்கிட்ட இவ்ளோ தூரம் வந்தாச்சு, அப்படியே சென்னை வரைக்கும் போயிரலாமே சார்னு கேட்டேன். அங்க போய் எங்கப்பா கட்டறதுன்னு திருப்பிக் கேட்டாரு. உண்மைதான். ஊருக்கே மெரினான்னு பேர் வெச்ச பீச் இருக்கு, படகு கட்டற மெரினா இல்ல. கொச்சில இருக்கு. நம்ம சென்னை ஹார்பர் உள்ள யாட் கிளப் ஒண்ணு இருக்குது, 1911ல சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஆரம்பிச்சது, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் ராயபுரத்துல பொறந்து வளந்தும் ரிட்டயர் ஆன பின்னாடிதான் எனக்குத் தெரியும். டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்கு பாய்மரப் படகு ஓட்டின நாலு பேர்ல நேத்ரா குமணன், கணபதி, வருண் தக்கர் மூணு பேரும் சென்னை, விஷ்ணு சரவணன் வேலூர். 2025 மே மாசம் நேவியில இருக்கற ரூபாவும் தில்னாவும் தாரிணிங்கற படகுல உலகத்தையே சுத்திட்டு எட்டு மாசம் கழிச்சு கோவா வந்து சேந்தாங்களே, அந்த ரூபா நம்ம புதுச்சேரிப் பொண்ணு. அதையெல்லாம் டிவில பாத்து நான் கைதட்டினேன். ஆனா எங்க தெருவுலேருந்து ஒரு பையன் கூட இதுக்குப் போனதில்ல. கடலுக்கு அம்பது மீட்டர்ல வீடு, அவனுக்கு அவுட்போர்டு எஞ்சின் தெரியும், பாய் தெரியாது.

அவன் தப்பு இல்ல. சுனாமிக்கு அப்புறம் வந்தவங்கெல்லாம் ஃபைபர் போட்டா குடுத்தாங்க, அதுக்கு முன்னாடியே எஞ்சின் வந்தாச்சு, யாரு கட்டுமரம் கட்டுவா. நானும் பழசுக்கே போகணும்னு சொல்ல வரல, டீசல் போட்டு மீன் பிடிக்கறவன் கஷ்டம் எனக்குத் தெரியும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. பாய் போட்டு ஓட்டின பெருசுங்க இன்னும் கொஞ்சம் பேர் காசிமேட்லயும் திருவொற்றியூர்லயும் ஊரூர் குப்பத்துலயும் இருக்காங்க, எல்லாம் எழுபத்தஞ்சு எம்பது வயசு. கடல் நீரோட்டத்துல வண்ணி வெள்ளம் எப்ப, தெண்டி வெள்ளம் எப்ப, கொண்டல் காத்து அடிச்சா என்ன பண்ணணும், எல்லாம் அவங்க தலைக்குள்ளதான் இருக்கு. பிள்ளைங்களுக்கு செயிலிங் சொல்லிக் குடுக்கறவங்க இவங்கள்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, குப்பத்துப் பசங்க பத்து பேரையும் சேத்து, ஞாயித்துக்கிழமை ஒரு வகுப்பு நடத்தினா என்ன? சின்ன படகு நாலு போதும். கயிறு பின்றது, முடிச்சு, பாய் தைக்கறது நான் வந்து சொல்லித் தரேன், காசு வேணாம், டீ வாங்கிக் குடுத்தா போதும். உங்க பேப்பர்லேருந்து ஒரு நிருபரை அனுப்பினீங்கன்னா அந்தப் பெருசுங்ககிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். சீக்கிரம் அனுப்புங்க, எங்க தெருவுல மூணு பேர் இருந்தாங்க, போன பொங்கலுக்கு அப்புறம் ரெண்டு பேருதான்.

இதைப் போடறதா இருந்தா தயவுசெஞ்சு என் பேரைப் போட்டுராதீங்க. வர்ற ஜனவரில காலியிலேருந்து மாலத்தீவுன்னு கேப்டன் மறுபடியும் கூப்பிட்டிருக்காரு, வீட்ல இன்னும் சொல்லல, எங்க வீட்ல பேப்பரை மொதல்ல எடுக்கறது என் சம்சாரம்தான்.

இப்படிக்கு,
ஒரு பழைய போசன்,
ராயபுரம், சென்னை - 13